பழுதான கணினியும் எட்டாம் வகுப்புக் கணக்கும்

அரையாண்டு விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீட்டுக் கணினி நின்றுபோனது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பதினோரு ஆண்டுகளாக நான் தயாரித்த வினாத்தாள்கள், பயிற்சித்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம் அது. கையில் கணினிக்கென்று ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய்தான்.

பழுது பார்க்கும் கடையில், "மதர்போர்டு போயிடுச்சு மேடம். மாத்தினா 7,500 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். அடுத்த தெருவில் உள்ள விற்பனைக் கடையில் 36,000 ரூபாய் மடிக்கணினி ஒன்றைக் காட்டினார்கள். "வட்டியே இல்லை, மாதம் 3,000, பன்னிரண்டு மாதம்" என்றார்கள். படிவத்தில் பெயரும் எழுதிவிட்டேன். ஆதார் அட்டை கையில் இல்லாததால் மட்டுமே அன்று வீடு திரும்பினேன்.

எட்டாம் வகுப்பில் அப்போது நான் நடத்த வேண்டிய பாடம் வாழ்வியல் கணிதம். தள்ளுபடி, ஜிஎஸ்டி, கூட்டு வட்டி, தேய்மானம் எல்லாம் அதில்தான் வருகின்றன. என் வீட்டுச் சிக்கலையே பாடமாக்கினால் என்ன என்று தோன்றியது. அந்த ஒரு வாரத்தில் மாணவர்கள் கற்றதையும் நான் செய்த ஒரு தவற்றையும் ஆசிரியத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதல் நாள்: எது பழுது, எது பழுதில்லை?

கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "டீச்சர் வீட்டுக் கணினி ஓடவில்லை. 15,000 ரூபாய் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

"புதுசு வாங்குங்க டீச்சர்" என்று பாதி வகுப்பு சொன்னது. "முதலில் எது கெட்டது என்று பார்ப்போம்" என்று பழுதான பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தேன். கணினி என்பது ஒரே பொருள் அன்று, பல பொருள்களின் கூட்டு என்பதை அன்று மாணவர்கள் கண்ணால் கண்டார்கள். மின்வழங்கி, தாய்ப்பலகை, ராம், ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ராம் பட்டையைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெதுவாகத் துடைத்து மறுபடி பொருத்திப் பார்க்கலாம். பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலத்தை (சிஆர் 2032, 3 வோல்ட்) மாற்றிப் பார்க்கலாம். திரையை வேறொரு கணினியில் இணைத்து அது நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. மின்சாரம் நின்ற பிறகும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். இவற்றையெல்லாம் நான் முன்பே செய்து பார்த்துவிட்டேன். என் கணினிக்குப் பலன் இல்லை. ஆனால் பல கணினிகள் இந்த அளவிலேயே உயிர் பெறுவதுண்டு.

மாணவர்கள் பட்டியல் போட்டார்கள். கெட்டது: தாய்ப்பலகை. நன்றாக இருப்பவை: திரை, விசைப்பலகை, சுட்டி. ஹார்டு டிஸ்க் தனி உறுப்பு. பலகை போனால் அதிலுள்ள கோப்புகளும் போய்விடும் என்பதில்லை. 450 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி உறை வாங்கி அதில் ஹார்டு டிஸ்க்கைப் பொருத்திப் பள்ளிக் கணினியில் இணைத்தேன். பதினோரு ஆண்டு உழைப்பும் அப்படியே இருந்தது. அன்றே இரண்டு இடங்களில் பிரதி எடுத்தேன். தோழர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் கோப்புகளுக்குப் பிரதி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இரண்டாம் நாள்: வட்டியில்லாத் தவணையில் வட்டி எங்கே?

கடையில் சொன்ன விவரங்களைப் பலகையில் எழுதினேன். தவணை 3,000 வீதம் 12 மாதம். செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ரொக்கமாகக் கொடுத்தால் 2,500 தள்ளுபடி.

தவணையில் மொத்தச் செலவு 36,000 + 590 = 36,590. ரொக்க விலை 33,500. கூடுதல் 3,090. "வட்டி இல்லைன்னாங்களே டீச்சர்!" என்றான் ஒருவன். வட்டி என்ற பெயர்தான் இல்லை. இழந்த தள்ளுபடியும் கட்டணமும் அந்த வேலையைச் செய்கின்றன என்று புரிந்துகொண்டார்கள்.

3,090-ஐ 33,500-ஆல் வகுத்து 9.2 சதவீதம் என்றார்கள். இங்கேதான் ஒரு கேள்வி கேட்டேன்: "33,500 ரூபாயும் ஆண்டு முழுவதும் நம்மிடம் கடனாக இருக்கிறதா?" இல்லை. முதல் மாதம் பன்னிரண்டு பங்கு, அடுத்த மாதம் பதினொன்று, கடைசி மாதம் ஒரு பங்கு. 12 + 11 + 10 என்று 1 வரை கூட்டினால் 78. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் சராசரி 6.5 பங்கு. ஆக, சராசரிக் கடன் 33,500 × 6.5 ÷ 12, அதாவது சுமார் 18,146 ரூபாய். இதற்கு 3,090 என்றால் ஏறத்தாழ 17 சதவீதம். இது தோராயக் கணக்குத்தான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே போட்டுக் கண்ட எண் என்பதால் வகுப்பு அன்று நெடுநேரம் அதைப் பற்றியே பேசியது.

நான் செய்த தவறு

உற்சாகத்தில், "உங்கள் வீட்டில் தவணையில் வாங்கிய பொருள் ஏதாவது இருந்தால் விவரம் கொண்டுவாருங்கள்" என்றேன். மறுநாள் ஒரு மாணவி அம்மாவின் கைப்பேசித் தவணை அட்டையைக் கொண்டுவந்தாள். முன்பணம் 1,500, மாதம் 900, பத்து மாதம். மொத்தம் 10,500. ரொக்க விலை 8,500. கூடுதல் 2,000 என்று பலகையில் எழுதி அடிக்கோடிட்டேன்.

"எங்க அம்மாவ ஏமாத்திட்டாங்களா டீச்சர்?" என்று அவள் கேட்டாள். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள்.

சாக்பீஸோடு அப்படியே நின்றேன். பிறகு, நான் கடையில் படிவத்தில் பெயர் எழுதிய கதையைச் சொன்னேன். "கணக்கு டீச்சரே கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடப் போனேன்" என்றேன். சிரிப்பு என் பக்கம் திரும்பியது. ஆனால் அவள் அன்று முழுவதும் நிமிரவில்லை.

மாலையில் அவள் அம்மா மகளை அழைத்துப்போக வந்தபோது நானே போய்ப் பேசி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தெரிஞ்சுதான் டீச்சர் வாங்கினேன். ஒரேயடியா எட்டாயிரம் எங்க கையில எப்ப சேரும்? இவ அக்காவுக்குக் காலேஜ் சேர்ற நேரம். விண்ணப்பம் போட, மெசேஜ் பாக்கப் போன் வேணும்னாங்க. ரெண்டாயிரம் போனாப் போகுது, பொண்ணு சேந்துட்டா" என்றார்.

நான் அடிக்கோடிட்ட அந்த 2,000 ரூபாய்க்குப் பின்னால் ஒரு கல்லூரிச் சேர்க்கை இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே தீர்ப்பு எழுதிவிட்டேன். மறுநாள் அந்த மாணவியிடம் கேட்டு, அவள் சம்மதத்துடன் வகுப்பில் சொன்னேன்: "கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் ஏமாறுவது அல்ல. காத்திருக்க முடியாதபோது அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுக்கிறோமா, தெரியாமல் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. அவள் அம்மா தெரிந்து கொடுத்தார். நான்தான் தெரியாமல் கொடுக்கப் போனேன்." இந்த முறை அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டேன். பணக் கணக்குக்கு மாணவர் வீட்டு விவரங்களைக் கேட்பதில்லை. என் வீட்டுக் கணக்கையோ கற்பனைக் குடும்பத்தின் கணக்கையோதான் பலகையில் எழுதுகிறேன்.

நான்காம் நாள்: தேய்மானமும் ஆண்டுச் செலவும்

36,000 ரூபாய்க் கணினி ஆண்டுக்கு 25 சதவீதம் மதிப்பிழக்கிறது என்று வைத்துக்கொண்டோம். முதல் ஆண்டு முடிவில் 27,000. பிறகு 20,250, 15,187.50. நான்காம் ஆண்டு முடிவில் சுமார் 11,391. ஆனால் நான்கு ஆண்டு பழைய மடிக்கணினிக்குக் கடையில் சொன்ன விலை 16,500. ஏன் இந்த வித்தியாசம்? சுத்தம் செய்த கூலி, புதிதாகப் போட்ட எஸ்எஸ்டி, ஆறு மாத உத்தரவாதம், கடை வாடகை, லாபம் என்று அவர்களே அடுக்கினார்கள். வாய்பாடு தருவது மதிப்பீடு; சந்தை விலை வேறு என்பதும் தெரிந்தது.

பிறகு என் முன்னிருந்த மூன்று வழிகளை ஒப்பிட்டோம். அலுவலகங்களில் பயன்படுத்தித் திரும்பிய பெட்டிக் கணினி ஒன்று 11,800 ரூபாய்க்குக் கிடைப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். "பழைய மானிட்டர் வயர் அதுல சேருமா டீச்சர்?" என்றான், விடுமுறையில் மாமா கடையில் உதவி செய்யும் ஒரு மாணவன். விசாரித்தேன், சேராது. என் திரையில் விஜிஏ மட்டுமே. அந்தப் பெட்டியில் டிஸ்பிளே போர்ட். மாற்றிக்கு 400 ரூபாய். ஆக 12,200.

புதிய மடிக்கணினி 33,500 ரூபாய். ஆறு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 5,583. பெட்டிக் கணினி மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 4,067. பழுது பார்த்தால் 7,500. இரண்டு ஆண்டு உழைத்தால் 3,750, ஓராண்டிலேயே நின்றுவிட்டால் 7,500.

"மூணு வருஷம் உழைக்கும்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஒருத்தி. நல்ல கேள்வி. இரண்டே ஆண்டு என்றால் 6,100 ஆகிவிடுகிறது. அப்போது புதியதே மலிவு. 12,200-ஐ 5,583-ஆல் வகுத்துப் பார்த்தோம். ஏறத்தாழ இரண்டு ஆண்டு இரண்டு மாதம். அதற்குமேல் ஓடினால் பெட்டிக் கணினி வாங்கியது சரி. விடை என்பது நாம் வைத்துக்கொள்ளும் ஊகத்தைப் பொறுத்து மாறும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எப்போதும் கற்பித்ததில்லை.

வாங்கும்போது பார்த்தவை

பழைய கணினி வாங்க நினைக்கும் தோழர்களுக்காகச் சில குறிப்புகள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் செயலி என்றால், விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஐ5-8500 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 தலைமுறையைக் காட்டும். ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. ராம் 8 ஜிபி இருந்தால் நம் வேலைக்குப் போதும். ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்எஸ்டி இருப்பது வேகத்தில் பெரிய வேறுபாட்டைத் தரும். ரசீதும் எழுத்தில் உத்தரவாதமும் இல்லாமல் வாங்க வேண்டாம். விண்டோஸ் உரிமம் இல்லாத கணினி என்றால் லினக்ஸ் மின்ட், உபுண்டு ஆகியவற்றில் ஒன்றையும் லிப்ரே ஆபிஸையும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம்.

இன்னொன்று. பழைய வினாத்தாள்களைப் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். நேரம் கிடைக்கும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது.

முடிவில் என் கணக்கு: பெட்டிக் கணினி 11,800, மாற்றி 400, ஹார்டு டிஸ்க் உறை 450, யுபிஎஸ் மின்கலம் 1,100. மொத்தம் 13,750. மீதி 1,250. இந்தக் கழித்தலையும் வகுப்புதான் செய்தது.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை. பலகைகளில் ஈயம் உண்டு, எரித்தால் நச்சு. மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். அதற்கு முன் இந்தக் கல்வியாண்டு முடியும்வரை அது எங்கள் வகுப்பறை அலமாரியில் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். உணவு இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். தாய்ப்பலகை எது, ராம் எது என்று அவர்களுக்குத் தொட்டுக் காட்டுவது, அன்று தலை குனிந்த அந்த மாணவிதான்.