கண்ணாடி காட்டும் இடம்

திண்டுக்கல் பக்கம் இப்போது கட்டுகிற வீடுகளில் மாடியில் ஓர் அறையை ஹோம் தியேட்டருக்கென்றே ஒதுக்குகிறார்கள். கான்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு, வழவழ டைல்ஸ். காலி அறையில் ஒரு முறை கை தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் ஓடி அடங்க நேரமாகும். அங்கே எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைத்தாலும் வசனம் குழம்பத்தான் செய்யும். தெரிந்தவர்கள் வீடுகளில் ஒலியை உறிஞ்சும் பேனல் மாட்டக் கூட நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்: எண்ணிக்கை அப்புறம், முதலில் இடம்.

இடம் கண்டுபிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி போதும். படம் பார்க்கும் இருக்கையில் நான் உட்கார்ந்துகொள்வேன். வீட்டுப் பையன் பக்கச் சுவரை ஒட்டி, காது உயரத்தில் கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே போவான். "தம்பி, அங்கேயே பிடி!" என்றதும் பென்சில் குறி. கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிற அந்த இடத்தில்தான் ஒலியும் பட்டுத் தெறித்து, நேரே வந்த ஒலியின் பின்னாலேயே காதுக்கு வருகிறது. பேனலின் நடுப்பகுதி அந்தக் குறியில் இருக்கட்டும். எதிர்ச் சுவரிலும் கூரையிலும் இதே வேலைதான். கூரையில் துளை போடும் முன் வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கான்கிரீட்டுக்குள் பைப் போகும் வழியைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு அங்குல ஃபோமை நான்கு சுவரிலும் ஒட்டுவது எனக்கு அறவே பிடிக்காத வேலை. அது கீச்சு ஒலியை மட்டும் விழுங்கும். முரசொலி அப்படியே நிற்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அதை ஒரு அங்குலம் என்ன செய்யும்? 12 அடி அகல அறையில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தங்கிக் குமுறும். அந்தக் குமுறல் சேருமிடம் மூலைகள். தடிமனான பேனல்கள் அங்கேதான் போக வேண்டும், முடிந்தால் தரையிலிருந்து கூரை வரை. சுவர்ப் பேனலையும் நான்கு அங்குல ராக்வூல் என்னும் பாறை இழைப் பலகையில் செய்து, பின்னால் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால் நன்றாக வேலை செய்யும்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் நிறைய இருப்பதால், "கழிவுப் பஞ்சையே அடைத்துவிடலாமே" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஒயரும் ஆம்ப்ளிஃபயர் சூடும் இருக்கிற அறையில் பஞ்சு ஆபத்து, ராக்வூல் எரியாது. வெட்டும்போது மட்டும் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். மேலே போர்த்தச் சின்னாளபட்டிப் பருத்திச் சேலைத் துணி அருமையாகப் பொருந்தும். எந்தத் துணியானாலும் வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால் ஒலியும் போகும். ரெக்சின் இந்தச் சோதனையில் தேறாது.

1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்துக்குள் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. சோபா, திரைச்சீலை, கனமான ஜமுக்காளம் எல்லாம் உங்கள் அறையில் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அவற்றைப் போட்ட பிறகு கை தட்டிக் கேட்டுவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பேனல் வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் பேனல் தடுக்காது. அதற்குக் கனமான கதவும், சட்டத்தைச் சுற்றி இடைவெளி இல்லாத ரப்பர் பீடிங்கும் வேண்டும்.