கல்லூரியை அல்ல, ஆஸ்பத்திரியைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீட் முடிவு வந்த நாளிலிருந்து வீட்டில் 'எந்த காலேஜ்' என்பதே பேச்சாக இருப்பதாகச் சித்தி போனில் சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவன் நீ. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உனக்கு இடம் கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பதால், பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியைப் பட்டியலில் முதலாவதாகப் போடச் சொல்கிறாராம் சித்தப்பா. ஏசி வகுப்பறை, வாராவாரம் வீட்டுச் சாப்பாடு. ஆசை நியாயம்தான். ஆனாலும் வேண்டாம்.

கல்லூரிக் கட்டடத்தை விடு. அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரியைப் பார். ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் போய், ஓ.பி. சீட்டு வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா. வார்டில் கட்டில்கள் காலியாகக் கிடந்தால் அங்கே யாரைப் பார்த்துப் படிப்பாய்? மண்ணீரல் வீங்கிய வயிற்றைத் தொட்டுப் பார்த்தால்தான் கைக்குப் பிடிபடும். படம் பார்த்து வராது. தனியார் எல்லாமே இப்படி என்று சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் கூட்டத்துக்கா பஞ்சம்? இன்னொரு பக்கம், 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 அரசுக் கல்லூரிகளை, விருதுநகர், ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி போன்றவற்றை, புதுசு என்று ஒதுக்குகிறார்கள். கல்லூரிதான் புதுசு. அந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரிக்கு ஜனம் அதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கிறது.

முதலாண்டு பற்றி எல்லோரும் பிணத்தைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். ஃபார்மலின் நெடியில் கண் எரியும், சில வாரத்தில் பழகிவிடும். தமிழ்வழியில் படித்த நமக்கு நிஜமான சிக்கல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில்தான். விடை தெரியும், வாய் திறக்காது. சௌராசியாவின் அனாட்டமி புத்தகத்தை மனப்பாடம் செய்யாதே. ஒரு பக்கம் படித்ததும் மூடிவைத்துவிட்டு, அறைத் தோழனிடம் உனக்கு வந்த ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிக் காட்டு. சிரித்தால் சிரிக்கட்டும். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றையும் நான்கு முயற்சிக்குள் தேறியாக வேண்டும் என்பது விதி. முதல் இன்டர்னலில் மார்க் குறைந்தால் ஒளித்துவைக்காமல் சீனியர்களிடம் போ.

வார்டுக்குப் போகத் தொடங்கியதும் நிலைமை மாறும். "மாடியேறினா நெஞ்சு அடைக்குது, படுத்தா இருமல்" என்று ஒரு பாட்டி சொல்லும்போது, குறுக்கே பேசாமல் கேட்க உனக்குத் தெரியும். நம் தெருவில் வளர்ந்தவனுக்கு அது பாடமே இல்லை.

சித்தப்பாவிடம் இன்னொன்றையும் சொல்லிவை. நாலரை வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். ரத்தம் எடுப்பதும், சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதும்தான் இப்போது ஹவுஸ் சர்ஜனான என் வேலை. அதற்குப் பிறகும் மேற்படிப்புக்கு நீட் இருக்கிறது. வீட்டுக் கடனை அடைக்க உன் சம்பளத்தை இப்போதே கணக்கில் எடுக்க வேண்டாம்.

எலும்பு செட் புதிதாக வாங்காதே, சீனியர்களிடம் கிடைக்கும். கலந்தாய்வுப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் எனக்கு அனுப்பு. இந்த வாரம் இரவுப் பணி. மதியத்துக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா