கூடிச் சிரிப்போம்

"வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்ற பழமொழியை அறியாத தமிழர் இல்லை. ஆனால் எந்தச் சிரிப்பு நோயைப் போக்கும், எந்தச் சிரிப்பு நோயைக் கொடுக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறந்த ஊரை விட்டு வந்து பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்றவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உடலில் நடப்பது என்ன? வாய்விட்டுச் சிரிக்கும்போது உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் வேகமாக இயங்குகின்றன. மூச்சு விட்டு விட்டு வெளியேறுகிறது. இதயத் துடிப்பு சற்று உயர்ந்து, பின்பு தணிகிறது. தசைகள் தளர்கின்றன. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராபின் டன்பாரின் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து நன்றாகச் சிரித்தவர்கள் முன்னைவிட அதிக வலியைத் தாங்கினார்கள். 2017-இல் பின்லாந்து ஆய்வாளர்கள், நண்பர்களுடன் சிரித்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வலியைக் குறைத்து இதம் தரும் எண்டார்ஃபின் போன்ற பொருள்களை மூளை தானாகவே வெளியிடுவது தெரிந்தது.

இங்கே "நண்பர்களுடன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சிரிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், மனிதர் தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு பிறருடன் இருக்கும்போது சிரிக்கிறார் என்று கண்டார். அந்தச் சிரிப்பிலும் பெரும்பகுதி ஜோக்கைக் கேட்டு வருவதன்று, "சாப்பிட்டாயா?", "எங்கே போய்விட்டாய்?" போன்ற சாதாரணப் பேச்சின் நடுவே வருவது. பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவர்களுக்குப் பட்டப்பகலும் இருட்டுதான் என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் சொல்வதும் இதைத்தான்.

எங்கள் சித்தூரில் இதை நான் சிறு வயதிலேயே கண்டிருக்கிறேன். 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த ஊர் அது. இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும். அந்தப் பக்கத்துத் தருமராஜா கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். கண்ணீர் வரவழைக்கும் கதைக்கு நடுவே கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பான். எனக்கு நினைவிருக்கும் ஒரு வேடிக்கை: ஊருக்குப் புதிதாக வந்த தமிழ் மருமகள் பால்காரரிடம், "நல்ல பாலா ஊத்துப்பா" என்பாள். தெலுங்கில் "நல்ல" என்றால் கறுப்பு. "எருமைதாம்மா கறுப்பு, பால் வெள்ளைதான்!" என்பார் அவர். கூட்டமே அதிரும். அவ்வாண்டுதான் கணவரை இழந்திருந்த பக்கத்து வீட்டு அத்தையும் பாயில் உட்கார்ந்து சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம். துக்க வீட்டுக்காரி சிரிக்கிறாள் என்று யாரும் குறை சொல்லவில்லை. ஊரே சிரிக்கும்போது அவருக்கும் சிரிக்க இடம் கிடைத்தது.

திருப்பதியில் மே மாத வாக்கில் நடக்கும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையிலும் இப்படியொரு ஏற்பாடு உண்டு. ஆண்கள் வேண்டுதலுக்காகப் பெண் வேடம் பூண்டு வீதியில் வருவார்கள். சில நாள் வேடங்களில் எதிரே வருபவரை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஏச்சு வாங்கியவர் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த உரிமை ஜாத்திரை நாட்களோடு முடிந்துவிடும். மற்ற நாளில் அப்படிப் பேசினால் சண்டைதான்!

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது மருந்து. ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது பெரும்பாலும் காயம். நகை பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்லும் தொல்காப்பியம், பிறரை இகழ்வதையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 1995 மார்ச் 13-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேருடன் சிரிப்பு மன்றத்தைத் தொடங்கிய டாக்டர் மதன் கட்டாரியாவும் இதைக் கண்டார். முதலில் ஜோக்குகள் சொன்னார்கள். சில நாட்களில் நல்ல ஜோக்குகள் தீர்ந்து, பிறர் மனத்தைப் புண்படுத்தும் ஜோக்குகள் வரத் தொடங்கின. எனவே ஜோக்குகளையே விட்டுவிட்டு, சிரிப்பை ஒரு பயிற்சியாக்கினார். அது பல நாடுகளுக்குப் பரவியது.

நம் வீடுகளுக்கு வருவோம். மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று: பிள்ளைகளின் தமிழைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "பழம்" என்பதைப் "பலம்" என்று சொன்ன குழந்தையை விருந்தினர் முன் மீண்டும் சொல்லச் சொல்லி நாம் சிரிக்கிறோம். நமக்கு அது அன்பு, குழந்தைக்கு அவமானம். நாலு முறை இப்படி நடந்தால் அது ஆங்கிலத்திலேயே பதில் சொல்லத் தொடங்கிவிடும். அதைவிட, அவர்களையே இரண்டு மொழியையும் கலந்து வேடிக்கை பண்ண விடுங்கள். கட்டியக்காரன் செய்ததும் அதுதானே!

இரண்டு: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவின் கையில் நகைச்சுவைப் படங்களைக் கொடுத்துவிட்டு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். வாரத்தில் ஒரு நாளாவது உடன் உட்கார்ந்து பாருங்கள். படத்தைவிட உங்கள் சிரிப்புச் சத்தம்தான் அவர்களுக்கு வேண்டும். அவர்களை ஒத்த வயதினர் நாலு பேரை மாதம் ஒரு முறை ஓர் இல்லத்தில் கூட்டுங்கள். பேச்சும் சிரிப்பும் தானாக வரும்.

மூன்று: சிரிப்பு எல்லா நோய்க்கும் மருந்து ஆகாது. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம், பசி, ஈடுபாடு எல்லாம் குறைந்து ஒருவர் வாடியிருந்தால், "கொஞ்சம் சிரி, எல்லாம் சரியாகும்" என்று சொல்வது உதவாது. மனச்சோர்வு மருத்துவம் வேண்டும் நோய். வெளியே சிரித்துக்கொண்டே உள்ளே வாடுகிறவர்களும் உண்டு. தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் இருக்கும் உறவினருக்கு, 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணைக் கொடுக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

அடுத்த முறை சங்கத்தில் கூடும்போது, நிகழ்ச்சி முடிந்ததும் காரை நோக்கி ஓடாமல் அரை மணி நேரம் இருந்து பேசிவிட்டுப் போங்கள். ஓரமாகத் தனியாக நிற்பவரையும் அந்த வட்டத்துக்குள் அழையுங்கள். அவருக்குத்தான் அந்தச் சிரிப்பு அதிகம் தேவைப்படும்.