ஆயில் சீல்

காரைக்காலில் ஒரு மீனவர். அவருடைய படகின் டீசல் இன்ஜினில் ஆயில் ஒழுகியது. ஆயில் வற்றினால் நடுக்கடலில் இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

பிளைவீலைக் கழற்றினார். கிராங்க் ஷாப்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. அதுதான் ஆயில் சீல்.

போன முறை கடையில் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்தார். அது பொருந்தவில்லை. ஒரு நாள் தொழில் கெட்டது. இந்த முறை பழைய சீலைத் துடைத்துப் படித்தார். 35, 52, 7. எண்கள் பொடியாக இருக்கும். வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நடுத் துளையின் அகலம் 35 மில்லிமீட்டர். வெளி அகலம் 52. கனம் 7. அதே எண்கள் உள்ள சீலைக் கேட்டு வாங்கினார்.

ஷாப்டைத் துடைத்தார். சீலின் உள் ஓரத்தில் ஆயில் தடவினார். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினின் உள்ளே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் மறுபடி ஒழுகும். மரக்கட்டையை வைத்து, சுற்றிலும் மெதுவாகத் தட்டினார்.

பிளைவீலை மாட்டி, இன்ஜினை ஓட்டினார். கீழே விரித்த தாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை.