ஆம்பூரிலிருந்து போர்ட்டோ: ரயில் போகாத ஊருக்கு மட்டும் கார்

பதினாறு வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், அப்பர் தையல் பகுதியில் இருந்தேன். இப்போது பன்னிரண்டு பெண்களை வைத்துச் சொந்தமாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். என் கையைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போன ஜோடிகளுக்குக் கணக்கில்லை. நான் அங்கே கால் வைத்தது ஒரு மே மாதத்தில், என் கணவரோடும் மகளோடும், பத்து நாள். போர்ச்சுகலைத் தேர்ந்தெடுக்கக் காரணம் தொழில்தான். ஐரோப்பாவில் ஷூ என்றால் இத்தாலிக்கு அடுத்து எங்கள் காதில் அதிகம் விழும் பெயர் அது.

எந்த மாதம் போவது என்பதையும் தொழிலே சொல்லிக் கொடுத்தது. ஆகஸ்டில் ஐரோப்பிய பையருக்கு மெயில் போட்டால் பதில் வராது என்பது ஆம்பூரில் சாம்பிள் அனுப்புகிற பிள்ளைக்கும் தெரியும். அந்த மாதத்தில் அங்கே தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை விடுமுறைக்கு மூடிவிடும். ஊரே கடற்கரைக்குக் கிளம்பும், விடுதி வாடகையும் வெயிலும் ஏறும். மே அல்லது செப்டம்பர் நல்லது. ஏப்ரல் 25ஐ ஒட்டிப் போனால் மட்டும் ரயில் டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். 1974இல் சர்வாதிகாரம் வீழ்ந்த நாள் அது, தேசிய விடுமுறை.

விசாவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். நாங்கள் மூன்று மாதம் முன்பே கொடுத்தோம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமான வரிக் கணக்கையும் ஜிஎஸ்டி கணக்கையும் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகிற மாதிரி வையுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்புகிற அறைகளாகவே முதலில் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது பெயர். நம்மைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். என் கணவரின் ஓட்டுநர் உரிமத்தில் இன்ஷியலோடு பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இன்ஷியல் ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கிறது. கிரெடிட் கார்டில் மூன்றாவது மாதிரி. ஊரில் யாரும் இதைக் கேட்டதில்லை. வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுக்கும்போது மூன்றையும் ஒருவர் வரிசையாக வைத்துப் பார்ப்பார். வாணியம்பாடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினோம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அதற்கு விண்ணப்பிக்கும்போதே பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி வருமாறு கேட்டு வாங்குங்கள். கார் பதிவையும் அதே பெயரில் போடுங்கள். அசல் உரிமத்தையும் எடுத்துப் போக வேண்டும். அனுமதிப் புத்தகம் தனியாகச் செல்லாது.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைக் கோட்டை விட்டோம். போர்ட்டோ விமான நிலையத்தில் கார் கவுன்டரில் முன்பணம் பிடித்து வைக்க என் கிரெடிட் கார்டை நீட்டினேன். "ஓட்டுபவர் யார்?" என்றார் அந்தப் பையன். அவரைக் காட்டினேன். "அப்படியானால் அவர் பெயரில் உள்ள கார்டு வேண்டும். டெபிட் கார்டு ஆகாது." அவருடைய கார்டு பர்ஸின் அடியில் கிடந்தது, வெளிநாட்டுப் பயன்பாடு அதில் திறக்கப்படவே இல்லை. 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன, வெளிநாட்டுக்கு நாமே திறக்க வேண்டும். "ஏங்க, ஓடிபி எந்த நம்பருக்கு வரும்?" என்று நான் கேட்டபோதுதான் அந்த சிம் ஆம்பூர் வீட்டு மேசை டிராயரில் இருப்பது நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்த மாமியாரை எழுப்பி, சிம்மைப் பக்கத்து வீட்டுப் பையன் போனில் போட்டு, எண்ணை வாங்கி, கார்டைத் திறந்து முடிக்க அரை நாள் போனது. ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு, அதில் போதுமான வரம்பு, வெளிநாட்டு அனுமதி, ஓடிபி வரும் சிம்: இந்த நான்கையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சரிபாருங்கள்.

கடைசியில் சாவியைக் கொடுத்தபோது அந்தப் பையன் "ஷாவெ" என்றான். நம் சாவி அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். ஜன்னலும் மேசையும் அலமாரியும் அப்படியே. செருப்புக் கடைப் பலகைகளில் "சப்பத்தரியா" என்று எழுதியிருக்கும். இலங்கைத் தமிழர்கள் ஷூவைச் சப்பாத்து என்பது நினைவுக்கு வந்து, ஒவ்வொரு பலகையையும் நின்று வாசித்தேன்.

எங்கள் முதல் திட்டம் லிஸ்பனில் இறங்கியதுமே காரை எடுத்துப் பத்து நாளும் ஓட்டுவது. மகள்தான் தடுத்தாள். "அம்மா, சிட்டிக்குள்ள காரை வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?" அவள் சொன்னது சரி. லிஸ்பன் மேடும் பள்ளமுமாக, டிராம் உரசிப் போகிற சந்துகளால் ஆனது. கார் இருந்தால் பார்க்கிங் தேடியே பொழுது போகும். முதல் ஆறு நாள் ரயில், கடைசி நான்கு நாள் கார் என்று மாற்றினோம். இதைவிட நல்ல முடிவு அந்தப் பயணத்தில் வேறில்லை.

ரயில் விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு வந்தது, அதாவது எங்கள் தோல் வட்டாரத்துக்கே. போர்ச்சுகலின் முதல் ரயில் லிஸ்பனிலிருந்து கர்ரெகாடோவுக்கு ஓடியது அதே வருஷம் அக்டோபர் 28இல். நாம் நான்கு மாதம் மூத்தவர்கள்.

லிஸ்பன் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் ஓரியென்ட். வடக்கே போர்ட்டோவுக்குப் போகும் ரயில்கள் அங்கே நிற்கும். அல்ஃபா பென்டுலார் அதிகபட்சம் மணிக்கு 220 கிலோமீட்டரில் ஓடும், போர்ட்டோவுக்குச் சுமார் மூன்று மணி நேரம். இன்டர்சிடாடெஷ் கொஞ்சம் மெதுவு, விலையும் குறைவு. முன்பதிவு திறந்ததும் வாங்கினால் பாதிக்கும் கீழே கிடைக்கும். 65 வயது தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். புறப்படும் வாரத்தில் "கிரெவ்" என்ற சொல் செய்தியில் வருகிறதா என்று பாருங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள், ரயில்வேயில் அது அவ்வப்போது நடக்கும். அதனால் விமானம் ஏறுகிற நாளுக்கு நீண்ட தூர ரயிலை வைக்காதீர்கள்.

போர்ட்டோவில் ரயில் காம்பாஞா நிலையத்தில் முடியும். நகரின் நடுவே இருப்பது சாவ் பென்டோ. அதன் முன்மண்டபச் சுவரில் ஜோர்ஜ் கொலாசோ வடித்த சுமார் 20,000 நீல ஓடுகள். காட்பாடியில் ரயில் பிடிக்க ஓடிப் பழகிய எனக்கு, வண்டியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நிலையத்தில் நின்றது அன்றுதான்.

ஷூ தொழிலில் இருப்பவர்கள் சாவ் ஜுவாவ் ட மடெய்ராவைத் தவறவிடாதீர்கள். எஷ்பீஞோவிலிருந்து வோகா பாதையில் போக வேண்டும். அந்த நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே மீட்டர் கேஜ் பாதை அது. வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். தொப்பிக்கு ஓர் அருங்காட்சியகம், ஷூவுக்கு ஓர் அருங்காட்சியகம், ஓடிக்கொண்டிருக்கும் பென்சில் ஆலை எல்லாவற்றையும் அந்த ஊர் வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுகிறது. நம் பகுதியில் கம்பெனி கேட்டுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். அங்கே தையல் மெஷினைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். ஆம்பூரிலும் அப்படி ஒன்று வரவேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை.

ஃபெல்கெய்ராஷ் இன்னொரு ஷூ ஊர். அங்கே ரயில் இல்லை, அதற்கும் டோரோ ஆற்றங்கரைக்கும்தான் கார். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், அங்கே கியர் வண்டிதான் அதிகம். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இவருக்கு முதல் ஒரு மணி நேரம் இடக்கை கியரைத் தேடிக் கதவில் முட்டியது. ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிற வண்டிக்கே முன்னுரிமை. முதல் வெளிவழியில் திரும்புவதாக இருந்தால் மட்டும் வெளிவரிசையைப் பிடிக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெளிவழிகளை உரக்க எண்ணினேன், அது உதவியது.

டோல் கட்டப் பள்ளிகொண்டாவில் இருப்பது போன்ற சாவடி எல்லா இடத்திலும் இருக்காது. சில பாதைகளில் கேமரா மட்டும்தான். "வியா வெர்டெ" கருவியைக் காரோடு கேட்டு வாங்கிவிடுங்கள். நம் ஃபாஸ்டேக் மாதிரிதான், அங்கே 1991லிருந்தே இருக்கிறது. பெட்ரோல் பங்கில் ஒரு கண்ணி உண்டு. "கசோலியோ" என்று படித்ததும் பெட்ரோல் என்று தோன்றும், அது டீசல். பெட்ரோல் "கசோலினா". லேபிளில் வட்டம் இருந்தால் பெட்ரோல், சதுரம் இருந்தால் டீசல். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்காமலே வைக்கிற ரொட்டிக்கும் ஆலிவுக்கும் பில்லில் காசு வரும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒரு நாளை முழுசாகக் கிமராயிஷுக்குக் கொடுங்கள். சாவ் பென்டோவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். எல்லோரும் கோட்டையைப் பார்க்க மேட்டுப் பக்கம் போவார்கள். நாங்கள் இறக்கத்தில் போனோம். கோரோஷ் என்ற பகுதி. அந்தச் சொல்லுக்கே தோல் என்றுதான் பொருள். இடைக்காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை தோல் பதனிட்ட இடம். நகரின் பழைய பகுதியை யுனெஸ்கோ 2001இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இது சேரவில்லை, 2023இல் சேர்த்தார்கள். திறந்த வெளியில் வரிசை வரிசையாகக் கருங்கல் தொட்டிகள். அவர்கள் ஓக் பட்டை போட்டார்கள், நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆலைகளில் ஒன்று இப்போது அறிவியல் மையம்.

என் தாத்தா பேரணாம்பட்டில் டேனரியில் வேலை பார்த்தவர். வெறுங்காலோடு சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர். அவர் பாதம் வெடித்து வெடித்து ஆறியிருக்கும்; சின்ன வயதில் நான்தான் எண்ணெய் தடவுவேன். டேனரிக் கழிவால் எங்கள் பாலாற்றுக்கு நேர்ந்ததை 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாகவே எழுதியது. இங்கே தொட்டிகளை ஒட்டி கோரோஷ் ஓடை போகிறது. குனிந்து பார்த்தேன், அடியில் கல் தெரிந்தது.

மகள் ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஆழத்தைக் கையால் அளந்தாள். "கொள்ளுத்தாத்தா நின்ன தொட்டி இவ்ளோ பெரிசாம்மா?"

"இதைவிடப் பெரிசு," என்றேன். அவர் நின்ற தொட்டியை அவளுக்குக் காட்ட முடியாது. அதை மூடி மேலே கட்டடம் எழும்பிப் பல வருஷம் ஆகிறது.