கணக்குப் போட்டு ஆடினால் சூது ஆகாதா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது குலசேகரத்தைச் சேர்ந்த ஒரு வாலிபர் என்னுடன் கூடவே நடந்து வந்தார். ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் குடும்பம். மழையால் பால்வெட்டு நின்று பல நாட்களாகியிருந்த சமயம். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பக்கம் பக்கமாகச் சிவப்பு, கறுப்பு என்று எழுதி, எதிரே தொகைகளைக் குறித்து வைத்திருந்தார்.

“நான் சும்மா விளையாடல்ல உஸ்தாதே. கணக்குப் போட்டுத்தான் வைக்கேன். ரிஸ்க்கைக் கட்டுப்படுத்திட்டா அப்புறம் அது வியாபாரம் மாதிரிதானே? வாப்பா ஷீட் வாங்கி விலை ஏறும்னு வைக்காங்க. அதுவும் ரிஸ்க்குதானே?”

கைபேசியில் ‘லைவ் கேசினோ’ என்று ஒன்று வருகிறது. தூர தேசத்து ஸ்டுடியோ ஒன்றில் மெய்யான மேசை, மெய்யான சக்கரம், அதைச் சுழற்ற ஒரு பெண். லாட்வியா நாட்டின் ரிகா நகரில் இத்தகைய ஸ்டுடியோக்கள் உண்டு. இங்கே திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் விரலால் தொட்டுப் பணம் வைக்கிறான். கண்ணால் பார்க்கிறோம், ஏமாற்று இல்லை என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. இந்த வாலிபரும் அதையே சொன்னார்.

அவருடைய கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கணக்குப் போட்டு ஆடினால் அது சூது ஆகாதா என்பது ஒன்று. அந்தக் கணக்கு மெய்தானா என்பது மற்றொன்று. முதலாவது மார்க்கச் சட்டம். இரண்டாவது வெறும் எண் கணிதம். கணக்கு மெய்யாகவே இருந்தாலும் மார்க்கத் தீர்ப்பு மாறாது. ஆனாலும் வாலிபர்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கணக்கே என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ரூலெட் சக்கரத்தில் ஐரோப்பிய முறைப்படி 37 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள். அவற்றில் 18 சிவப்பு, 18 கறுப்பு. மிஞ்சிய ஒன்று பூஜ்யம், அதன் நிறம் பச்சை. சிவப்பின் மேல் 100 ரூபாய் வைத்தவனுக்குச் சிவப்பு விழுந்தால் இன்னொரு 100 கிடைக்கும். பார்வைக்குச் சரிபாதி. ஆனால் 37 வழிகளில் அவன் ஜெயிப்பது 18, தோற்பது 19. அந்த ஒரு பச்சைக் குழிதான் கடைக்காரனின் வருமானம். வைக்கப்படும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவனுக்குச் சேர்கிறது. பூஜ்யம் இரண்டு உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் இது 5 ரூபாய் 26 காசு. ஒரே எண்ணின் மேல் வைத்தாலும் 35 மடங்குதான் தருவான். 37 குழிகளில் ஒன்றைச் சரியாகச் சொன்னதற்கு 36 மடங்கு தந்தால்தான் நியாயமான பங்கு. எங்கே வைத்தாலும் அதே வெட்டு.

நமது வாலிபரின் முறை மிகப் பழையது. மார்ட்டிங்கேல் என்று பெயர். 100 ரூபாய் வைப்பது, தோற்றால் 200, மீண்டும் தோற்றால் 400, இப்படி இரட்டித்துக்கொண்டே போவது. என்றாவது ஒரு முறை ஜெயித்தே தீருவோம், அப்போது போனதெல்லாம் வந்து மேலும் 100 மிஞ்சும் என்பது இதன் தத்துவம். பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் நடக்கும்! இதுதான் இதன் ஆபத்து. அவருடைய நோட்டின் முதல் பக்கங்கள் எல்லாம் லாபம். கடைசிப் பக்கங்களை அவர் எனக்குக் காட்ட விரும்பவில்லை.

எட்டு முறை தொடர்ந்து தோற்றால் என்ன ஆகும்? 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400, 12,800. கூட்டினால் 25,500 ரூபாய். ஒன்பதாம் முறைக்கு 25,600 வேண்டும். கையில் இராது, இருந்தாலும் மேசைக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். எட்டு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று நினைக்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால், 207 தொடர்களுக்கு ஒரு முறை அது வந்துவிடுகிறது. 206 தொடர்களில் நூறு நூறாகச் சேர்ந்தது 20,600. ஒரே தொடரில் போனது 25,500. நிகர நஷ்டம் 4,900. ஒரு சுழற்சிக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் இந்த 207 தொடர்களும் சுமார் ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும். இஷாவுக்குப் பின் தொடங்கினால் பஜ்ருக்குள் முடிந்துவிடுகிற கணக்கு இது.

வேறு முறைகளும் இருக்கின்றன. தோற்றால் ஒரு பங்கு கூட்டு, ஜெயித்தால் ஒரு பங்கு குறை என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் டாலம்பேரின் பெயரால் வழங்குகிறது. ஃபிபொனாச்சி எண்வரிசைப்படி வைப்பது இன்னொன்று. இவை எல்லாம் நஷ்டம் வரும் வேகத்தை மாற்றுமே தவிர, பச்சைக் குழியை மூடிவிடாது. “ஐந்து தடவை கறுப்பு வந்துவிட்டது, இனிச் சிவப்புதான்” என்பதும் பிரமை. நாலு பெண் பிறந்துவிட்டது, அடுத்தது ஆண்தான் என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா, அதைப் போன்றது. முன்பு எது விழுந்தது என்பதைப் பந்து அறியாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று பணத்தைக் குவித்தவர்கள் அன்றிரவு அழிந்தார்கள்.

“மொத்தப் பணத்தில் நூற்றுக்கு இரண்டு மட்டும் வை, இவ்வளவு போனால் நிறுத்து” என்று ஆலோசனை கூறுவோரும் உண்டு. இதைத்தான் ரிஸ்க்கைக் கட்டுப்படுத்துவது என்கிறார்கள். பந்தயத்தில் எவ்வளவு வைப்பது என்பதற்கு 1956-இல் ஜான் கெல்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு சூத்திரம் கண்டார். அதில் ரூலெட்டின் எண்களைப் போட்டால் விடை பூஜ்யத்துக்கும் கீழே வருகிறது. அதாவது ஒரு காசும் வைக்காதே என்று. மார்க்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், பந்தயக் கணக்கே இப்படிச் சொல்கிறது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

திருக்குர்ஆனில் சூதுக்கு வரும் சொல் மைஸிர். சிரமமின்றி எளிதாகக் கிடைப்பது என்ற பொருளுள்ள வேரிலிருந்து அது வந்ததாக மொழி அறிஞர்கள் விளக்குவர். ஜாஹிலிய்யா காலத்து அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் கலந்து எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு ஒன்றுமில்லை. பங்கற்ற அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைத் தரவேண்டும். ஜெயித்தவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையடிப்பார்கள். இதைக் கவனிக்க வேண்டும். ஏழைகளுக்குப் போன அந்தச் சூதையும் சேர்த்துத்தான் அல்லாஹுத்தஆலா தடுத்தான். சூரத்துல் பகராவின் 219-ஆம் வசனம் அதில் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. பாவம் அதைவிடப் பெரிது என்கிறது. பின்னர் அல்மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்களில் முழுத் தடை வந்தது. பகைமை, வெறுப்பு, தொழுகையை விட்டும் தடுப்பது ஆகியவை அங்கே காரணங்களாகக் கூறப்படுகின்றன.

நம் பகுதியில் இதை அழுத்திச் சொல்லவேண்டிய அவசியம் உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஆனால் களியக்காவிளையையோ பனச்சமூட்டையோ தாண்டினால் கேரள லாட்டரி. 1967-இல் அதைத் தொடங்கியவர் அன்றைய நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு சாஹிப். அன்று சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. நம்மவர் தொடங்கியதுதானே என்பாரும், நோயாளிகளின் சிகிச்சைக்குத்தானே பணம் போகிறது என்பாரும் நம்மிடையே இருக்கிறார்கள். தொடங்கியவர் பெயரால் ஹலால் ஹராம் முடிவாவதில்லை. சிகிச்சைக்கு என்பதற்கு அந்த ஒட்டக இறைச்சியே பதில்.

ஷீட் வியாபாரமும் ரிஸ்க்குதானே என்றாரே, அது நல்ல கேள்வி. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட் விலை, 2016-இன் தொடக்கத்தில் 100-க்கும் கீழே இறங்கியது. எத்தனையோ வீடுகள் அதில் தள்ளாடின. ஆனாலும் அங்கே ஒரு சரக்கு இருக்கிறது. ஏழு வருஷம் மரத்தை வளர்த்து, விடியுமுன் எழுந்து பால் வெட்டி, உறையவிட்டு, ஷீட் அடித்துப் புகையில் காயவைத்த உழைப்பு இருக்கிறது. வாங்கியவனுக்குப் பொருள், விற்றவனுக்கு விலை. இருவரும் ஒரே சமயத்தில் பயனடையலாம். சூதிலோ ஒருவன் இழந்தால்தான் மற்றவனுக்கு வரவு, வேறு வழியே இல்லை. வியாபாரத்தில் நஷ்ட அச்சம் தானாகக் கூட வருவது. சூதில் அந்த அச்சத்தையே விலைக்கு உண்டாக்கி விற்கிறார்கள். நஷ்டத்துக்குப் பொறுப்பேற்பவனுக்கே லாபம் உரியது என்பது பிக்ஹின் பிரபலமான விதி. சக்கரத்தை வைத்திருப்பவன் நீண்ட ஓட்டத்தில் எந்த நஷ்டத்துக்கும் பொறுப்பேற்பதில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்ற கருத்தில் வரும் திர்மிதீ ஹதீஸை யாவரும் அறிவோம். மழைக்காலத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டுகிறோமே, அது கட்டுவது. ஒரு வருஷச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தில் ஷீட் பிடிப்பதும் கட்டுவதே. ஒட்டகத்தைத் தானே அவிழ்த்துவிட்டு, கயிற்றை இரண்டு முழம் குறைத்துக்கொண்டேன் என்பவனை என்ன சொல்ல?

அரசாங்கச் சட்டமும் இதைத் தடுக்கிறது. 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி இணையச் சூதாடுபவனுக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை விளையாட்டுகள் என்று விலக்கியது. அதிர்ஷ்ட ஆட்டங்களின் மேலுள்ள தடையைத் தொடவில்லை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்துச் சட்டம் செய்தது. என்றாலும் கடல் கடந்த தளங்கள் புதுப் புதுப் பெயரில் வந்துகொண்டே இருக்கின்றன. கதவு நம் வீட்டுக்குள்ளேயே, சட்டைப் பையில் இருக்கிறது.

சூதாடுவோம் வா என்று வாயால் அழைத்தவனைக்கூட ஸதகா கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. ஆடியவனின் தவ்பா அதைவிட நீண்டது. விடுவது, வருந்துவது, திரும்புவதில்லை என்று உறுதி கொள்வது, இவற்றோடு பிறர் உரிமையையும் சரி செய்யவேண்டும். ஜெயித்த பணத்தை யாரிடம் பெற்றோம் என்று தெரிந்தால் திருப்பித் தரவேண்டும். தெரியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கைகழுவ வேண்டும். அதை ஜக்காத்தாகக் கணக்கிட முடியாது. மனைவியின் மஹர் நகையை அடகு வைத்திருந்தால் அது அவளுடைய சொத்து. அவள் சொல்லாமல் எடுத்ததானால் அது தனிக் கடன், அதுவே முதலில் தீரவேண்டும். நிறுத்த நினைத்தும் கை நிற்கவில்லையானால் வெட்கப்பட வேண்டாம். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண் இருக்கிறது. வீட்டார் திட்டித் தீர்ப்பதை விட, ஏசாமல் அருகில் உட்கார்ந்து கணக்கை எழுதச் சொல்வது மேல்.

அந்த வாலிபர் கடைசியாகக் கேட்டது இது: ஆட்டக் கணக்கில் இன்னும் 3,200 ரூபாய் கிடக்கிறது, அதை எடுக்கலாமா, எடுத்தால் ஹராமா? அவர் கட்டியது மொத்தம் 46,000, இதுவரை திரும்ப எடுத்தது எதுவுமில்லை. ஒப்பந்தமே பாத்திலானது என்பதால், தான் கட்டிய தொகைக்குட்பட்டு வருவது அவருடைய சொந்தப் பணமே. எடுக்கலாம். போனதை மீட்க அந்த 3,200-ஐ ஒரே ஒரு முறை வைத்துப் பார்ப்பது மட்டும் கூடாது. வழியில் நின்று கைபேசியில் எடுக்க உத்தரவு கொடுத்தார். பணம் வந்து சேர மூன்று நாளாகும் என்று பதில் வந்தது. மனம் மாறி மறுபடி ஆட வைப்பதற்குத்தான் அந்த மூன்று நாள் என்று நினைக்கிறேன். கைபேசியை அதுவரை உம்மாவிடம் கொடுத்துவைக்கச் சொன்னேன். கொடுத்தார். நான்காம் நாள் பணம் வந்தது. நகைக்கடன் வட்டிக்கே அது போதவில்லை. மீதியை அவர் வாப்பா ஷீட் விற்றுக் கட்டினார்.