மூன்று மொழி கற்ற மருமகளுக்கு

ரவாங்

அன்புள்ள மருமகளுக்கு,

பள்ளி விடுமுறையில் படிப்பதற்குப் புத்தகங்கள் சிலவற்றைக் குறித்தனுப்புமாறு கேட்டிருந்தாய்; அத்துடன், பள்ளி நூலகத்தில் நீ எடுத்த கதைகளின் நாயகர் யாவரும் லண்டனிலும் நியூயார்க்கிலுமே வசிக்கிறார்கள், நம்மைப் போன்றவர் ஒருவர்கூட வருவதில்லை என்ற மனக்குறையையும் எழுதியிருந்தாய். குறை நியாயமானதே. ஆயினும் நம்மவர் வரும் நூல்களை மட்டும் பொறுக்கித் தந்துவிட்டால் அது தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. இத்தேசத்தின் சரித்திரம் ஒரே மொழியில் எழுதப்பட்டதன்று. தோட்டத்துத் தமிழன் பட்ட துன்பம் தமிழிலும், மலாய்க் குடியானவன் பட்ட துன்பம் மலாயிலும் கிடக்க, ஒருவர் துக்கத்தை மற்றவர் அறியாமலே அடுத்தடுத்து வாழ்ந்து மறைந்த தலைமுறைகள் பல. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, இப்போது நான்காம் படிவத்தில் மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்கும் உனக்கு, அவற்றைச் சேர்த்துப் படிக்கும் பாக்கியம் வாய்த்திருக்கிறது.

நம்மிலிருந்தே தொடங்குவோம். 1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு அமைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதையைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம், பெரும்பாலும் 1957-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தின் வாயிலாகவே. அதில் வெள்ளைக்காரக் கைதிகளின் வீரமும் பிடிவாதமும் உண்டே தவிர, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டுசெல்லப்பட்டுக் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியான நம் ஜனங்கள் இல்லை. இறந்த கைதிகளில் ஏறத்தாழ 7000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிட அதிக எண்ணிக்கையில் மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடைக்கவில்லை. அந்தக் கல்லுக்குப் பதிலாக நமக்குக் கிடைத்தவை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள். இவற்றின் நடையில் சில இடங்களில் அலுப்பு தட்டலாம், பொறுத்துக்கொள். அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ இவற்றைவிட லாகவமாக ஓடும். ஆனால் அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து கண்டு பரிவோடு எழுதிய விருந்தாளி, இவர்களோ இம்மண்ணிலேயே இருந்து எழுதியவர்கள் என்னும் பேதம், இரண்டையும் படித்தால் உனக்கே விளங்கிவிடும்.

கெடா மாநிலத்துப் பீடோங் என்ற சிற்றூரை நீ வரைபடத்தில் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். 1940-இல் அங்கே பிறந்தவர் ரெ. கார்த்திகேசு, இரண்டாண்டு கழித்து அதே ஊரில் பிறந்தவர் கே. எஸ். மணியம். முன்னவர் தமிழில் எழுதினார், பின்னவர் ஆங்கிலத்தில் எழுதினார். மணியம் 1981-இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவலில், இந்தியாவிலிருந்து வந்த பாட்டியும், அவளுக்குப்பின் தந்தையும், தமக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பற்றிக்கொள்ளப் போராடித் தோற்பதையும், ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்த பேரன் ரவி, அந்தப் படிப்பினாலேயே வீட்டுக்குச் சிறிது சிறிதாக அந்நியனாகிப் போவதையும் காண்பாய். ஒரு கண்ணீர்த்துளியையும் வலிந்து வரவழைக்காமல் எழுதியிருப்பதுதான் அந்நூலின் மேன்மை. நம்மவர் எழுதியவற்றுள் உன் வயதினர்க்கு முதலிடம் அதற்கே தருவேன். கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ மரணத்தை எதிர்நோக்கும் முதியவர் கதை. அது இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும், இப்போதைக்கு அவருடைய சிறுகதைகளைப் படி.

அதே கெடாவில், சிக் வட்டாரத்தில், 1933-இல் பிறந்தவர் ஷாஹ்னோன் அகமட். அவர் 1966-இல் எழுதிய ‘ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்’ என்ற மலாய் நாவலைப் படிக்கும்போது, லஹூமா என்ற நெல் விவசாயியும் அவன் மனைவி ஜேஹாவும் ஏழு பெண் குழந்தைகளோடு நண்டுக்கும் பறவைக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி அஞ்சிப் பயிர் செய்வதையும், காலில் தைத்த ஒரு நிபோங் முள் புரையோடி அவன் உயிரையே கொண்டுபோவதையும், பிறகு அவள் சித்தம் கலங்குவதையும் பார்த்து, மண்ணின் மைந்தன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த மண் அவனுக்கு என்ன தந்தது என்று கேட்கத் தோன்றும். தனக்கென நிலம் கிடைக்காத மணியத்தின் பாட்டியையும், நிலம் கிடைத்தும் அதனாலேயே மாய்ந்த இந்த லஹூமாவையும் உன் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவை. நம் பாடப்புத்தகங்கள் அவ்விருவரையும் வெவ்வேறு அத்தியாயங்களில்தான் வைத்திருக்கும். மலாய் மொழியிலேயே நம்மவர் வாழ்க்கையை எழுதும் உதயசங்கர் எஸ்.பி.யின் ‘சிறு கம்பம்’ தொகுப்பையும் இவ்வரிசையில் சேர்த்துக்கொள். மொழி ஒரு ஜாதியாரின் சொத்தன்று என்பதற்கு அவரே சாட்சி.

இவை கனமாகத் தோன்றினால் சித்திரக்காரர் லாட் இருக்கிறார். 1979-இல் அவர் வரைந்த ‘கம்போங் பாய்’ பேராக்கிலே வளர்ந்த ஒரு பையனின் சித்திரக்கதை. சிரித்துக்கொண்டே படித்து வருகையில், ஈயத்துக்காக மண்ணை வாரும் பெரும் மிதவை இயந்திரம் அந்தக் கிராமத்தையே விழுங்க வருவதை அறிந்து திடுக்கிடுவாய். லம்பம் என்று நம் பாட்டன்மார் சொன்ன அந்த ஈயச் சுரங்கத்தினால் பிறந்த ஊர்தான் நம் ரவாங்கும். லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் 1894-இல் இங்கே மின்சாரம் கொண்டுவந்ததும் சுரங்கத்துக்காகவே. லாட்டின் அடுத்த நூலாகிய ‘டவுன் பாய்’ ஈப்போவில் ஒரு மலாய்ப் பையனுக்கும் சீனப் பையனுக்கும் ஏற்படும் சிநேகத்தைச் சொல்கிறது.

உன் வயதுப் பெண்ணையே நாயகியாகக் கொண்டது ஹன்னா அல்காஃப் 2019-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’. 1969 மே 13 இனக்கலவரத்தில், மனநோயால் அவதியுறும் மெலாத்தி என்ற மலாய்ப் பெண்ணை ஒரு சீனத்து அம்மாள் காப்பாற்றுகிறாள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்தியே பேசும் விஷயத்தை அந்நூல் நேருக்கு நேர் பார்க்கிறது. வன்முறைக் காட்சிகளைக் குறித்து ஆசிரியரே முகப்பில் எச்சரித்திருக்கிறார். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படி. நம் எல்லோருக்கும் முன்னே இங்கிருந்த ஓராங் அஸ்லி மக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்ற கொடுமையை, அவர்களுள் செமாய் இனத்தைச் சேர்ந்த அக்கியா என்பவர் ‘பெராங் சங்கில்’ என்ற மலாய் நூலில் எழுதியிருப்பதையும் மறவாதே. வந்தேறி என்ற பட்டத்தை நம்மீது சுமத்துகிறார்கள் என்று வருந்தும் நாம், அந்த ஓராங் அஸ்லி மக்களைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

கடல் கடந்தும் ஒருமுறை போய் வா. கரும்புத் தோட்டங்களுக்காக அடிமைகளைக் கொண்டுவந்து நிரப்பிய ஹெய்ட்டி நாட்டில் 1969-இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் நியூயார்க்கின் புருக்ளினில் இருந்த பெற்றோரிடம் சேர்ந்தவர் எட்விஜ் தாந்திகா. 2002-இல் வெளிவந்த அவருடைய ‘பிஹைண்ட் தி மௌண்டன்ஸ்’, மலைக்கிராமத்தை விட்டு அதே நகருக்குப் போகும் செலியான் என்ற சிறுமியின் நாட்குறிப்பு வடிவில் அமைந்தது. பிற்பாடு, நீ வளர்ந்தபின், அவருடைய ‘தி ஃபார்மிங் ஆஃப் போன்ஸ்’ நாவலைப் படிக்கலாம். 1937-இல் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி துருஹியோவின் உத்தரவால் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியர் கொல்லப்பட்ட விருத்தாந்தம் அது. தோட்டத்தில் உழைக்கவும் வேண்டும், கணக்கில் வராமல் சாகவும் வேண்டும் என்ற விதி நமக்கு மட்டும் எழுதப்பட்டதன்று என்பதைச் சயாம் பாதையின் கதையோடு அதைச் சேர்த்துப் படிப்பவர் அறிவர்.

தமிழர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, அதற்குள்ளும் எத்தனை பேர் பேசாமல் இருந்தார்கள் என்பதைப் பாமாவின் ‘கருக்கு’ம், தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யும் காட்டும். கிள்ளானிலிருந்து வந்த நம் உறவினர் சிலருக்குப் பாமாவின் பேச்சுத்தமிழ் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது.

சனிக்கிழமை காலை கொமுட்டர் இரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து சேர். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் தமிழ் நூல்களை நான் வாங்கித் தருகிறேன், மற்றவற்றைத் தேசிய நூலகத்தில் தேடுவோம். லாட்டிலிருந்து தொடங்கு. எந்தப் புத்தகம் பிடிக்கவில்லையோ, அதைப் பற்றி எனக்கு நீண்ட கடிதமாக எழுது. பிடித்ததைப் பற்றி உன் மலாய்த் தோழியிடமும் சீனத் தோழியிடமும் சொல்.

உன் அன்புள்ள,
மாமா